முழங்கால் மட்டத்துத் திரை

காலை பதினொன்று நாற்பதுக்கு அது தொடங்கியது. பன்னிரண்டு மணிக் கோட்டையூர் டவுன் பஸ் போய்விடுமோ என்று அப்போதுதான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அதனால் நேரம் நினைவில் நிற்கிறது. துணிக்கடையில் உடை போட்டுப் பார்க்கும் அறைக்குள் நானும் என் மகளும் நின்றுகொண்டிருந்தோம். அறை என்றால் மூன்று பலகை, ஒரு திரை. திரை முழங்கால் மட்டத்தோடு முடிந்துவிடும். அதற்குக் கீழே, வெளியே காவல் நின்ற விற்பனைப் பெண்ணின் கால்கள் தெரிந்தன. மகள் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாள். அந்தக் கால்கள் ஒரு நொடி விறைத்தன. பிறகு வேகமாக பில் போடும் பக்கம் போயின.

மகள் சொன்னது இதுதான்: "துணிய உள்ள வச்சு இறுக்கிக் கட்டும்மா. வெளிய தெரியக் கூடாது."

அவளுக்கு இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்தது. இடது காலில் காலிபர் போடுவாள். தொடையிலிருந்து பூட்ஸ் வரை இரு பக்கமும் இரும்புக் கம்பி, தொடையைச் சுற்றி ஒரு தோல் வார். நடக்க நடக்க அந்த வார் சதையை அறுக்கும். அதற்காக அவள் அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து நாலாக மடித்து வாருக்கு உள்ளே வைத்துக் கட்டுவோம். கட்டுவோம் என்று எழுதுவது என் பழக்கதோஷம். வயதுக்கு வந்த பிறகு அவளே கதவைச் சாத்திக்கொண்டு, கட்டிலில் உட்கார்ந்து கட்டிக்கொள்வாள். என்னையும் பார்க்க விடமாட்டாள். மதுரையில் காலிபருக்கு அளவெடுப்பவரிடம்கூடக் கண்ணை மூடிக்கொண்டுதான் காலை நீட்டுவாள்.

பிளஸ் டூ முடித்துக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. அடுத்த வாரம் திறப்பு. பள்ளிக்கூடத்துப் பாவாடை தாவணியில் கணுக்காலுக்கு மேலே கம்பி பளிச்சென்று தெரியும். சுரிதார் போட்டால், கால் பக்கம் தொளதொளவென்று இருந்தால், தெரியாது. அது அவளே கண்டுபிடித்த வழி. "முதல்ல என் பேரு தெரியட்டும்மா. அப்பறம் காலு தெரிஞ்சா தெரிஞ்சிட்டுப் போகுது" என்றாள். எத்தனை நாள் யோசித்து வைத்திருந்தாளோ. அதற்காகத்தான் அந்தக் கடைக்குப் போனோம்.

அந்த மாதிரிக் கடை தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் ஊருக்குப் புதிது. மற்ற ஜவுளிக்கடைகளில் பாயில் உட்கார வேண்டும். கடைக்காரர் எடுத்துப் போடுவார், நாம் பார்ப்போம், அவரே மடித்து வைப்பார். கூடுதலாக ஒரு துணியைத் தொட்டாலும் அவர் கண் அங்கே இருக்கும். போட்டுப் பார்ப்பதெல்லாம் வீட்டில்தான். இங்கே ஹேங்கரில் தொங்குவதை நாமே எடுக்கலாம், போட்டுப் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் வைத்துவிடலாம். அந்தச் சுதந்திரத்தோடு சேர்ந்து வந்தவைதான் பைக்கு டோக்கன், கூரை மூலையில் வட்டக் கண்ணாடி, வாசலில் காக்கிச் சட்டைக் காவல்காரர், ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் சுழல் கம்பி.

அந்தச் சுழல் கம்பிக்குள் ஊன்றுகோலோடு என் மகளால் நுழைய முடியவில்லை. ஒரு முறை முயன்றாள்; கம்பி சுற்றி வந்து காலிபரில் டங்கென்று மோதியது. உள்ளே இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். காவல்காரர் எழுந்து வந்தார்.

"இங்குட்டு வாத்தா. வெளிய போற வழியாவே உள்ள வந்துரு. பையக் குடுத்துட்டு டோக்கன் வாங்கிக்க."

பையைக் கொடுத்தோம். அவர் கண் ஊன்றுகோல் மேல் போனது. மகள் அதைக் கவனித்துவிட்டாள்.

"இதுக்கும் டோக்கன் உண்டாண்ணே? காலும் ஒண்ணு இரும்புலதான் இருக்கு. அதையும் கழட்டி வச்சிட்டுப் போகவா?"

"வாயி ரொம்பத்தான் ஒனக்கு. போத்தா" என்று அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

மூன்று சுரிதார் எடுத்தோம். எத்தனை துணி உள்ளே போகிறதோ அந்த எண் போட்ட பிளாஸ்டிக் வில்லை ஒன்றைத் தருவார்கள். மூன்று என்று போட்டிருந்தது. ஒருவர்தான் உள்ளே போகலாம் என்றாள் காவல் நின்ற பெண். மகளால் தனியாக நின்று மாற்ற முடியாது என்று சொல்லி அனுமதி வாங்கினேன். உட்கார ஒரு ஸ்டூல் கேட்டேன். ஸ்டூல் போட்டால் ஆட்கள் உள்ளேயே உட்கார்ந்துவிடுகிறார்களாம், எடுத்துவிட்டார்களாம். ஆகவே மகள் பலகையில் ஒரு கையை ஊன்றி நின்றாள். நான் மண்டியிட்டு, அவள் சொன்னபடி முகத்தைத் திருப்பிக்கொண்டு மாற்றிவிட்டேன். நீலச் சுரிதார் அவளுக்குப் பிடித்தது. ஆனால் கால் பக்கம் கம்பியில் சிக்கி ஏறவில்லை. துணியில் கம்பி புடைத்துக்கொண்டு நின்றது. திரைக்கு மேலே எட்டிப் பார்த்தேன். மானகிரியிலிருந்து வேலைக்கு வரும் நடுவயது அம்மா ஒருவர் அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தார். சுரிதார்களை எடுத்துக் காட்டியதே அவர்தான். நீலத்தை அவர் கையில் கொடுத்து, இதிலேயே பெரிய அளவு இருக்குமா என்று கேட்டேன். "பாத்துட்டு வாரேன் டீச்சர்" என்று வாங்கிக்கொண்டு போனார்.

இப்படி ஏற்றி இறக்கியதில் காலிபர் வார் தளர்ந்து மடிப்புத் துணி நழுவிவிட்டது. வீட்டில் என்றால் உட்கார்ந்து அவளே சரிசெய்துகொண்டிருப்பாள். இங்கே நின்றபடி முடியாது. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு என்னைக் கட்டச் சொன்னாள், அதுவும் பார்க்காமல் கையால் தடவி. அப்போது சொன்ன வார்த்தைதான் அது. நான் மணியைப் பார்த்தது அதற்கு அடுத்த நொடி.

பாவாடை தாவணிக்கு மாறி வெளியே வந்தபோது அந்தப் பெண்ணோடு மேனேஜர் நின்றிருந்தார். முதலாளிக்கு அக்கா மகன். முப்பது வயது இருக்கும்.

"டீச்சர், மூணு கொண்டு போயிருக்கீக. ரெண்டுதான் வந்திருக்கு."

"ஒண்ணத்தான் திரைக்கு மேல குடுத்துவிட்டேனே. மானகிரியிலேருந்து வர்ற அம்மாகிட்ட. பெரிய சைஸ் பாக்கச் சொல்லி."

"அவுக சாப்பிடப் போயிருக்காக" என்றாள் அந்தப் பெண்.

"நீ கேட்டதச் சொல்லு" என்றார் அவர், அவளைப் பார்க்காமல்.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "துணிய உள்ள வச்சு இறுக்கிக் கட்டுன்னாக. வெளிய தெரியக் கூடாதுன்னாக. காதுல விழுந்ததத்தான் சொல்றேன்."

பொய்யில்லை. அதுதான் என் வாயை அடைத்தது. இல்லை என்று சொன்னால் நான் பொய் சொன்னவளாவேன். ஆமாம் என்று சொன்னால் எந்தத் துணி, எதற்குள், எங்கே என்று எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். சொன்னால் மகளின் பாவாடையை நானே வார்த்தையால் தூக்கிவிட்ட மாதிரி ஆகும். சுற்றிப் பத்துப் பதினைந்து பேர் ஹேங்கரைத் தள்ளுவதுபோல நின்றிருந்தார்கள். ஒரு குரல், "நம்ம பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர்ல" என்றது.

மேனேஜரைத் தனியே இழுத்து மெதுவாகச் சொன்னேன். காலிபர், வார், வேட்டித் துணி. அவர் முழுதும் கேட்டார்.

"நான் நம்புறேன் டீச்சர். ஆனா இந்தத் திரை முதல்ல தரை வரைக்கும்தான் இருந்துச்சு. போன தீபாவளிக்கு மூணு பேரு கட்டுன சேலைக்கு அடியில இன்னொரு சேலையக் கட்டிட்டுப் போயிட்டாக. போனதுக்கு இந்தப் புள்ளைகளத்தான் மாமா கேட்டாரு. அப்பறந்தான் வெட்டுனோம். முந்தாநாளு ஒரு அம்மா, அழுதாக, இருந்தும் சோதிச்சுப் பாத்தோம். ஒங்கள மட்டும் அனுப்பிட்டா நாளைக்கு நான் யாரப் பாக்க முடியும்?"

அவர் பேச்சில் தப்பு எதுவும் இல்லை. அதனால் எனக்குப் பயம் கூடிப்போனது.

"உள்ள ஆபீஸ் ரூம் இருக்கு. லேடீஸ் ரெண்டு பேரு மட்டும் வருவாக. நான் வெளிய நிக்கிறேன். ஒரு நிமிசம்."

"முதல்ல அந்த அம்மாவக் கூப்பிடுங்க" என்றேன்.

சாப்பிடும் இடத்துக்கு ஆள் போனது. திரும்பி வந்த ஆள் உதட்டைப் பிதுக்கினார். அங்கே இல்லை. மாடியிலும் இல்லை. அந்தப் பெண் பக்கத்தில் நின்றவளிடம், "அப்ப அவுகளும் கூட்டா?" என்று கேட்டது எனக்குக் கேட்டது. அந்த மானகிரி அம்மாவின் வேலைக்கும் சேர்த்து இப்போது நான் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. துணியைத் திரைக்கு மேலே நீட்டிய என் கையையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

"வெளிய போற வழியாத்தான உள்ளயும் வந்தாக" என்றார் பில் போடுபவர், யாரிடமும் இல்லாமல். காவல்காரர் வாசலில் இருந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். மேனேஜர் கையைக் காட்டியதும் நிறுத்திக்கொண்டார்.

சேலைப் பக்கம் நின்ற ஒரு அம்மா நெய்ப்பலகாரம் தின்ற நிதானத்தோடு சொன்னார். "மடியில கனமில்லன்னா வழியில என்ன பயம்? காட்டிட்டுப் போக வேண்டியதுதான."

மகள் இத்தனை நேரமும் ஊன்றுகோலில் சாய்ந்து நின்றிருந்தாள். நல்ல கால் நடுங்க ஆரம்பித்திருந்தது. நின்றால் அவளுக்கு அப்படித்தான் ஆகும். யாரும் ஒரு நாற்காலி போடவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்கு அந்த நேரத்தில் ஒன்றுதான் தோன்றியது. ஆபீஸ் ரூமுக்குப் போய்விடலாம், இரண்டு பெண்கள் பார்க்கட்டும், பன்னிரண்டு மணி பஸ் போனாலும் அடுத்த பஸ்ஸில் வீட்டுக்குப் போய்விடலாம். சரி என்று சொல்ல மேனேஜர் பக்கம் திரும்பினேன். என் முகத்தில் அந்தச் சரியை மகள் பார்த்துவிட்டாள்.

"ரூமுக்கெல்லாம் வரமாட்டேன்" என்றாள்.

"ஒரு நிமிசந்தான் பாப்பா" என்றார் மேனேஜர்.

"ரூமுக்குள்ள போயிட்டு வந்தா, உள்ள போயி எடுத்துக் குடுத்துட்டான்னுதான் இவுக எல்லாம் பேசுவாக. உள்ள என்ன நடந்துச்சுன்னு இவுகளுக்குத் தெரியாதுல்ல. எல்லாரு முன்னாடியும் கேட்டீக. எல்லாரு முன்னாடியும் பாத்துக்கங்க."

"வேணாம்டி" என்றேன்.

"அம்மா, தள்ளும்மா."

மாடிக்குப் போகும் படிக்கட்டு நாலடி தள்ளி இருந்தது. போய் இரண்டாவது படியில் உட்கார்ந்தாள். ஊன்றுகோலைப் பக்கத்தில் கிடத்தினாள். நான் ஓடிப்போய் முந்தானையை விரித்து மறைத்தேன். அவள் என் கையைப் பிடித்து மெதுவாக விலக்கினாள். கோபமாகத் தள்ளியிருந்தால் நான் மறுபடியும் மறைத்திருப்பேன். பாவாடையை முழங்காலுக்கு மேலே சுருட்டினாள். பூட்ஸ், இரண்டு கம்பி, நடுவே என் மணிக்கட்டுப் பருமனே உள்ள கால். மேனேஜர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"வேணாம் பாப்பா. விட்டுரு. போங்க டீச்சர்" என்றார் சுவரிடம்.

"கேட்டது நீங்கதான. திரும்பிப் பாருங்கண்ணே."

அவர் திரும்பவில்லை. வார்க் கொக்கி விடுபடும் சத்தம் வட்டக் கண்ணாடி வரை கேட்டிருக்கும். கடையில் அவ்வளவு அமைதி. கையை உள்ளே விட்டு மடிப்புத் துணியை உருவினாள். அவள் அப்பாவின் வேட்டி. பச்சைக் கரை வெளுத்து, வியர்வையில் மஞ்சளாகி, ஓரத்தில் பழைய ரத்தப் பொட்டு ஒன்றோடு இருந்தது. அதை உதறிப் பிரித்து அந்த விற்பனைப் பெண்ணிடம் நீட்டினாள்.

"ஒங்க கடைத் துணியான்னு பாத்துச் சொல்லுங்கக்கா."

அந்தப் பெண் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். யாரும் வாங்கவில்லை. மகள் நீட்டிய கையை இறக்கவும் இல்லை. பழமொழி சொன்ன அம்மா சேலை ஒன்றைப் பிரித்துக் கரையைப் பார்க்கத் தொடங்கினார். நான் என் மகளின் காலை ஐந்து வருடத்துக்குப் பிறகு, ஊர் பார்க்கும்போது சேர்ந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் வெளியே போகும் வழியாக யாரோ மூச்சிரைக்க உள்ளே வந்தார்கள். காவல்காரர் வழிவிட்டார். மானகிரி அம்மா. தலையெல்லாம் ஒட்டடை. ஒரு கையில் நான் கொடுத்த நீலச் சுரிதார், இன்னொரு கையில் பிரிக்காத கவரில் அதே நீலம். பின்தெருவில் கடைக்குக் குடோனாக இருந்த பழைய வீடு வரை போயிருக்கிறார். சாவி வைத்திருந்தவர் டீ குடிக்கப் போய்விட்டதால் காத்திருந்து எடுத்து வந்திருக்கிறார். கூட்டத்துக்குப் பின்னால் நின்றதால் படிக்கட்டில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. என் முகம் மட்டும்தான் தெரிந்தது. கவரைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார்.

"கெடச்சிருச்சு டீச்சர். இது நல்லா தொளதொளன்னு இருக்கு. பாப்பா போட்டுச்சுன்னா கால்ல கம்பி இருக்கதே ஒருத்தருக்கும் தெரியாது."