அம்மா தேர்தலில் நின்ற குளிர்காலம்

கியூபெக்கில், குடியேறிகள் நிறைந்த பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் நாங்கள் குடியிருந்த மூன்று மாடிக் கட்டடத்தில், ஹீற்றர்கள் சூடேற மறுத்த ஒரு நவம்பரில், குடியிருந்தவர்கள் கூடித் தங்களுக்கு ஒரு தலைவரைத் தெரிவுசெய்ய முடிவெடுத்தார்கள். கட்டடச் சொந்தக்காரரிடம் போய்ப் பேசிக் கொதிகலனைத் திருத்துவிப்பதுதான் தலைவரின் முதல் வேலை. என் தம்பி கைக்குழந்தை. குளிரில் ஓயாமல் இருமினான். ஆகவே அம்மா தேர்தலில் நின்றார். அவருக்குப் பிரெஞ்சு நன்றாக வரும். தண்ணீர்க் குழாய் உடைந்தாலும், பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பதானாலும், அயலவர்கள் அவரைத்தான் பேச அழைத்துப் போவார்கள்.

எதிர்த்து நின்றவர் கீழ்வீட்டு வெள்ளைக்காரர். நின்றவர் என்பதைவிட, அயலவர்களால் நிறுத்தப்பட்டவர் என்பதே சரி. ஓய்வு பெற்ற, கூச்சமுள்ள மனிதர்; அந்தக் கட்டடத்தின் ஒரே கியூபெக்காரர்.

அந்த இலையுதிர் காலம் முழுவதும் பக்கத்து நாட்டுச் சனாதிபதித் தேர்தல் எங்கள் தொலைக்காட்சியை நிறைத்திருந்தது. ஒரு பெண்ணையோ கறுப்பினத்தவரையோ அமெரிக்கர்கள் ஏற்பார்களா என்ற விவாதத்தைக் கேட்டு அப்பா கொதிப்பார். தகுதியை விட்டுத் தோலையும் சேலையையும் பார்க்கிற சனம் என்று திட்டுவார்.

ஒருநாள் மேல்மாடி அன்ரி தேநீர் குடிக்க வந்தார்.

“உம்மைப்போல ஆர் கதைப்பினம்? நான் உமக்குத்தான் போடுவன். ஆனா பொம்பிளை, அதோட எங்கட நிறம். மற்றவை போடமாட்டினம், பிள்ளை.”

அடுத்த வீட்டுக் கிரேக்கர் படிக்கட்டில் நிறுத்தி அதையே சொன்னார். இரண்டாம் மாடி ஹெய்ட்டிப் பெண்மணியும் சொன்னார். எல்லாரும் அம்மாவின் பக்கம்; எல்லாரும் மற்றவர்களை நினைத்து வருந்தினார்கள். கட்டடத்தின் ஒவ்வொரு கதவையும் நான் அறிவேன். அந்த மற்றவர்கள் எந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கிறார்கள் என்பதுதான் பிடிபடவில்லை. எஞ்சியவர் கீழ்வீட்டுக்காரர் மட்டுமே. ஒரு மனிதருக்கு இத்தனை பேர் அஞ்சுவது வியப்பாக இருந்தது.

ஞாயிறு மதியம், நிலக்கீழ் அறையில், துணி துவைக்கும் இயந்திரங்களுக்கு முன்னால் வாக்கெடுப்பு. முதலில் கீழ்வீட்டுக்காரருடைய பெயரைச் சொன்னார்கள். அன்ரியின் கை எழுந்தது. கிரேக்கரின் கை, ஹெய்ட்டிப் பெண்மணியின் கை. அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

“இஞ்சேரும், பிள்ளைக்குச் சூடு வேணும். வெல்லுற ஆளுக்குப் போடுவம்” என்று அம்மாவிடம் தணிந்த குரலில் சொல்லிவிட்டுக் கையைத் தூக்கினார்.

தன் பெயருக்குத் தானே கை தூக்குவது எங்களவர்களிடையே நாகரிகமில்லை. அம்மாவும் எதிராளிக்கே தூக்கினார்.

அம்மாவின் பெயரைச் சொன்னபோது கீழ்வீட்டுக்காரர் மட்டும், காதுவரை சிவந்தபடி, கையை உயர்த்தினார். நானும் உயர்த்தினேன், அன்ரி அதைப் பிடித்து இறக்கிவிட்டார்.

அடுத்த வாரம் கீழ்வீட்டுக்காரர் எங்கள் சமையலறையில் வந்து அமர்ந்து, சொந்தக்காரரிடம் என்ன பேசவேண்டும் என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். சில நாள்களில் கொதிகலன் திருத்தப்பட்டது. அயலவர்கள் கீழே இறங்கிப் போய் அவருக்கு நன்றி சொன்னார்கள்.

“பாத்தீரே, அவரைப் போட்டபடியாத்தான் அலுவல் முடிஞ்சுது” என்றார் அன்ரி.

அம்மா “ஓம்” என்றார். பிறகு தம்பியின் ஈரச் சட்டையை ஹீற்றரின் மேல் விரித்து, எங்களுக்கு முதுகு காட்டியபடி நெடுநேரம் அங்கேயே நின்றார். அவருக்கு இன்னும் குளிர்கிறது என்று எண்ணி, நான் என் கம்பளிச் சால்வையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.