குரங்குக்கு முன்னால் நான் குடியிருந்த கூண்டு

பாரிவாக்கத்தில் ஒரு மிருகக்காட்சிசாலை இருக்கிறது என்று எங்கள் கம்பெனி டூல் ரூம் அண்ணன் சொன்னபோது நான் நம்பவில்லை. விலங்கியல் படித்துவிட்டு, அம்பத்தூர் எஸ்டேட்டில் குவாலிட்டி ரிப்போர்ட் அடித்துக்கொண்டிருப்பவள் நான். இந்தப் பக்கத்தில் ஒரு பல்லி முட்டையிட்டாலும் எனக்குச் சேதி வந்துவிடும் என்று ஒரு கர்வம் எனக்கு உண்டு.

"எங்க அக்கா வெச்சிகீது மேடம். பெரிய எடம்லாம் இல்ல, அர ஏக்கர். சனிக்கிழம வாங்க. ஆனா காலைல ஆறு மணிக்கே வந்துரணும்."

எதற்கு ஆறு மணி என்று நான் கேட்கவே இல்லை. போகலாம் என்றால் போதும் எனக்கு.

திருமுல்லைவாயிலிலிருந்து ஸ்கூட்டரில் போய்ச் சேர்ந்தபோது வெளிச்சம் அப்போதுதான் வந்துகொண்டிருந்தது. மனைக்கற்கள், பாதி கட்டிய வீடுகள், நடுவில் பச்சை வலை போட்ட ஒரு மதில். உள்ளே போக இரண்டு கதவுகள். முதல் கதவு மூடினால்தான் இரண்டாவது திறக்கும். அண்ணன் செய்தது. கீல் ஒரு சத்தமும் போடவில்லை. அந்தக் கதவிலேயே எனக்கு அந்த இடம் பிடித்துப்போய்விட்டது.

அக்காவுக்கு நாற்பது வயதிருக்கும். முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு, ரப்பர் பூட்ஸ் காலோடு, கையில் முருங்கைக் கீரைக் கட்டோடு வந்தார். கீரை ஆமைக்கு. ஆப்பிரிக்க ஆமை, முறம் அகலம். அதைத் தாண்டினால் நீலமும் மஞ்சளுமாக இரண்டு மக்காவ் கிளிகள், ஒரு இகுவானா என்கிற பெரிய பச்சை ஓணான், தீவன வாளியின் சத்தம் கேட்டதும் விசில் அடிக்கிற கினிப் பன்றிகள். எல்லாம் வெளிநாட்டு இனங்கள். ஒவ்வொன்றுக்கும் உரிய அனுமதிக் காகிதம் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தது. "பச்சக்கிளிய கொண்டாந்து வெச்சிக்க சொல்லி கேட்டுக்கு வெளிய நிப்பாங்க. அத்த வாங்கி வெச்சா அப்பறம் என்னைய கூண்டுல வெப்பாங்க" என்று சிரித்தார். நம் நாட்டுக் கிளியை வளர்ப்பது சட்டப்படி குற்றம்.

என்னை அசத்தியது வேறொன்று. மறைந்துகொள்ள இடம் இல்லாத கூண்டு அங்கே ஒன்றுகூட இல்லை. காசு கொடுத்து வருகிறவர்களுக்குச் சில நேரம் ஒன்றுமே கண்ணில் படாதே என்றேன்.

"பாக்க வர்றவன் பத்து நிமிசத்துல பூடுவான். இது இங்கயே கீதுல்ல?"

தீவன அறையில் ஒரு வெள்ளைப் பலகை. மேலே 'வரப்போறவங்க' என்று எழுதியிருந்தது. முதலில் மார்மோசெட் ஜோடி, அதாவது உள்ளங்கையில் அடங்குகிற குட்டைக் குரங்குகள். அடுத்து வாலபி, சின்னக் கங்காரு. மூன்றாவதாகக் குளிர் மலையில் வாழும் கம்பளி விலங்கான அல்பாகா, அதன் பக்கத்தில் அண்ணனின் கையெழுத்தில் 'ஏசி யார் போடுவா?'

மார்மோசெட்டுகள் கோயம்புத்தூரில் ஒருவரிடம் இருந்தன. காகித வேலைக்காக அக்கா இரண்டு வருடம் அலைந்திருக்கிறார். அன்று ராத்திரி அங்கிருந்து வண்டி கிளம்புவதாக ஏற்பாடு. சாயங்காலம் ஆறு மணிக்குள் அக்கா போன் செய்து 'ஏத்துங்க' என்று சொல்ல வேண்டும். இல்லையென்றால் ஜோடி வேறு ஆளுக்குப் போய்விடும்.

"அதுக்கு முன்ன உக்கார்ற வேல ஒண்ணு கீது" என்றார் அண்ணன்.

அந்த வீட்டு வழக்கம் அது. புதிய பிராணி வருவதற்கு முன்னால், அதன் கூண்டுக்குள் ஒரு ஆள் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை உட்கார வேண்டும். போன் கூடாது. கூண்டில் எதையாவது மாற்றினால் மறுபடியும் முதலிலிருந்து ஒரு நாள். அண்ணன் பதினைந்து நாள் முன்னால் உட்கார்ந்து சரி என்று சொல்லிவிட்டார். பிறகு ஒரு கிளையை இடம் மாற்றியதால் இன்று மறுபடியும்.

ஏன் இப்படி என்று கேட்டேன். அக்கா கீரையை ஆய்ந்துகொண்டே சொன்னார். முன்பு ஒரு மே மாதம் இரண்டு காக்கட்டூ கிளிகள் வந்தன. கூண்டைக் காலையிலும் மாலையிலும் மட்டும்தான் பார்த்திருந்தார்கள். "மத்தியானம் ரெண்டு மணிக்கு நாங்க ஊட்ல ஃபேன் போட்டுகினு சாப்ட்டுகினு இருந்தோம்." வெயிலில் இரண்டும் பிழைக்கவில்லை.

"எனக்கு இடுப்பு புடிச்சிகினு கீது" என்று அண்ணன் என்னைப் பார்த்தார். ஆறு மணிக்கு வரச் சொன்னதன் காரணம் அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"படிச்ச பொண்ண கூட்டிகினு வந்து கூண்டுல அடைக்கிறியே, உனக்கே நல்லாகீதாடா?"

நான் அதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டேன்.

ஒன்பது மணிக்கு மேல் ஆட்கள் வந்தார்கள். ஒரு வாண்டு என் கூண்டின் முன்னால் நின்று, "அம்மா, இது இன்னா மிருகம்?" என்றது. "அது அக்காடா. கல்லு போடாத." மத்தியானம் தீவனத் துளை வழியாகப் பப்பாளித் துண்டும் அவித்த முட்டையும் வந்தன. "அதுங்களுக்கு இன்னாவோ அதான் உனக்கும்" என்றது அக்காவின் குரல். வெயில் நன்றாக ஏறியும் கூண்டு தாங்கியது. தகரத்தின்மேல் தென்னங்கீற்று, கீழே ஈரமணல். குரங்குகள் படுக்கும் பெட்டியை மேற்குச் சுவரில் வைத்திருந்தார்கள், சாயங்கால வெயில் படாதபடி. எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் என்று நோட்டில் எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டேன்.

மூன்று நாற்பதுக்குப் பெட்டியின் முகத்தில் ஒரு வெளிச்சச் சதுரம் விழுந்தது. வெயில் வரவே முடியாத பக்கம். நிமிர்ந்து பார்த்தேன். கிழக்கே, மதிலுக்கு அந்தப் பக்கம் எழும்புகிற வீட்டின் மாடியில் புது நீலக் கண்ணாடி ஜன்னல். மேற்கே இறங்குகிற சூரியனை வாங்கி நேராக இங்கே திருப்பி அடித்தது. பெட்டிக்குள் கையை விட்டேன். வெயிலில் நிறுத்திய ஸ்கூட்டர் சீட் மாதிரி கொதித்தது. இருபது நிமிடம், பிறகு சதுரம் நகர்ந்து மறைந்துவிட்டது.

யாரும் பார்க்கவில்லை. அண்ணன் தீவன மூட்டைமேல் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

உண்மையைச் சொல்கிறேன், சொல்லாமல் விடலாமா என்று யோசித்தேன். குரங்குகள் வந்ததும் அவற்றைக் கூண்டில் திறந்துவிடுபவள் நான்தான் என்று அக்கா காலையில் வாக்குக் கொடுத்திருந்தார். இருபது நிமிடம்தானே, சுட்டால் வெளியே வராதா? வராது. புது இடத்தில் முதல் சில நாட்கள் பயந்த குரங்கு பெட்டியை விட்டு அசையாது. அதைப் பரீட்சையிலேயே எழுதியிருக்கிறேன்.

ஐந்தரைக்கு அக்கா கையில் போனோடு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "இன்னாமா, பாஸா?"

சொன்னேன். அக்கா உள்ளே வந்து பெட்டிக்குள் கையை விட்டார்.

"இப்ப சுடலியே."

"அப்ப சுட்டுதுக்கா."

"நான் உக்காந்தப்ப இதெல்லாம் இல்லியே!" என்று அண்ணன் எழுந்து வந்தார்.

"அப்ப அந்த ஊட்ல ஜன்னலு ஏது? வெறும் ஓட்டதானே" என்றார் அக்கா.

"பத்து நிமிசம் குடுக்கா. பொட்டிய கழட்டி வடக்கால திருப்பிடுறேன்."

"திருப்பினா?"

திருப்பினால் மறுபடியும் ஒரு முழு நாள். வண்டியோ இன்றைக்கு.

அக்கா அங்கேயே, கூண்டுக்குள் நின்றபடியே போன் செய்தார். "அண்ணே, இன்னிக்கி ஏத்தாதீங்க… இல்லண்ணே, கூண்டு பாஸாவல… ஆமா, ஒரு பொண்ணு உள்ள உக்காந்து பாத்துச்சு." மறுமுனையில் குரல் ஏறியது எனக்கே கேட்டது. அக்கா கேட்டுக்கொண்டே நின்றார். கடைசியில், "சரிண்ணே. அவங்களுக்கே குடுத்துருங்க. அவங்க எடத்தையும் மத்தியானத்துல போயி ஒருவாட்டி பாத்துட்டு குடுங்க" என்றார்.

போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "டீ குடிக்கிறியாமா?"

திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாள் ஞாயிறு. வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. மூன்றரைக்குப் போய் நின்றேன். பலகையில் மார்மோசெட் அழியாமல் அப்படியே முதலில் இருந்தது. பெட்டி வடக்குப் பார்த்துத் திரும்பியிருந்தது. கூண்டுக்குள் அக்கா, முழங்காலை மடக்கிக்கொண்டு, பக்கத்தில் பப்பாளித் தோலோடு.

"அக்கா, அதுங்கதான் வரலியே?"

"இதுங்க இல்லன்னா வேற ஜோடி வரும், இன்ஷா அல்லா. நீ இன்னா, வெளிய நின்னுகினு வேடிக்க பாக்குற? டிக்கெட் எடுத்தியா? மணி இன்னா சொல்லு."

"மூணு நாப்பதுக்கா."

வெளிச்சச் சதுரம் சொன்ன நேரத்துக்கு வந்தது. வெறும் சுவரில் விழுந்து, மெல்ல நகர்ந்தது. அது போய் முடியும்வரை அக்கா பெட்டிக்குள் விட்ட கையை எடுக்கவே இல்லை.

"சில்லுனு கீது" என்றார். "எழுதிக்கோ."