பூனைக்காக இடம் மாறிய காக்கைச் சோறு

என் மருமகளைப் பற்றி அவள் முகத்துக்கு நேரே நான் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. கூச்சம்தான் காரணம். தேயிலைத் தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். எழுதக் கொஞ்சம் வரும், அதனால் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுப் பூனை சாம்பல் நிறம், ஆண். என் வீட்டுக்காரர் இருந்தவரை குளிருக்கு அவர் காலடியில்தான் படுக்கும். அவர் போன பிறகு என் காலடிக்கு வந்தது. போன மழைக்காலத்தில் அது கண்ட இடத்தில் மூத்திரம் போக ஆரம்பித்தது. அரிசி மூட்டை, கால்மிதி, கடைசியில் மகனுடைய வேலைச் சட்டை. தேயிலைச் செடிக்கு அடியில் போய்ப் பழகிய பூனை, பின்கதவைத் திறந்து விட்டாலும் வெளியே போகாது.

"அம்மா, இது வேணும்னே செய்யுது. கம்போங் ராஜா டவுன்ல கூட்டாளியோட ஸ்டோர்ல எலி நிறையவாம். அங்க விட்டுடறேன்" என்றான் மகன்.

"நீங்க கழட்டிப் போட்ட சட்டைய மோந்துட்டு, இதுதான் கக்கூஸுன்னு நினைச்சிருக்கும்லா" என்றாள் மருமகள்.

அப்போது நான் ஒரு தப்பு செய்தேன். எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளில் பிள்ளைகள் படுக்கையை நனைத்தால் சாயங்காலத்துக்கு மேல் தண்ணீர் கொடுக்க மாட்டோம். அதே நினைப்பில் பூனையின் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து ஒளித்து வைத்தேன். மூன்றாம் நாள் காலை அது சிமெண்டுத் தரையில் குந்திக் குந்தி முக்கியது. இரண்டே சொட்டுதான் வந்தது. அதிலும் ரத்தம்.

மருமகள் கோலா தெர்லாவில் ஒரு காய்கறிக் கிடங்கில் தக்காளி தரம் பிரிக்கிறவள். அன்றைக்கு லீவு சொல்லிவிட்டு, தக்காளிக் கூடையில் துண்டு விரித்துப் பூனையை வைத்து, மகனைக் காடி ஓட்டச் சொன்னாள்.

மிருக டாக்டர் ஒரு சீனப் பெண். வயிற்றை அமுக்கிப் பார்த்தார், ஸ்கேன் எடுத்தார். அவர் மலாயில் சொன்னதை மருமகள் எனக்குச் சொன்னாள். கல் இல்லை. இன்னும் அடைப்பும் இல்லை. பயத்தாலும் கவலையாலும் மூத்திரப் பை புண்ணாகியிருக்கிறது. ஆண் பூனைக்குக் குழாய் சின்னது. சொட்டும் வராமல் நின்றுவிட்டால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும், அப்படியானால் உடனே தூக்கி வர வேண்டும். வலிக்கு மருந்து தந்தார். நிறையத் தண்ணீர் உள்ளே போக வேண்டும். எதைக் கண்டு பயப்படுகிறது என்று வீட்டில்தான் பார்க்க வேண்டும்.

தண்ணீர் என்றதும் என் முகம் செத்துப் போனது. திரும்பும் வழியில் கிண்ணத்தை ஒளித்ததைச் சொல்லிவிட்டேன். அவள் திட்டவில்லை. "சொன்னீங்களே, அது போதும் அத்தை" என்றாள்.

அன்றே மூன்று இடத்தில் தண்ணீர் வைத்தாள். மீனை உப்பில்லாமல் வேகவைத்து அந்தத் தண்ணீரோடு பிசைந்து கொடுத்தாள். இரண்டு பேசினில், ஈரம் பட்டால் கட்டியாகிற கடைப் பூனை மண் கொட்டி, அறைக்குள் ஒன்று, குளியலறையில் ஒன்று. பயமில்லாமல் படுக்க அலமாரி உச்சியில் பழைய போர்வை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வெங்காயம் உரித்தபடி அடுப்படியில் உட்கார்ந்து பூனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கெட்ட தக்காளியைத் தேடுகிற அதே கண். நான் வழக்கம்போல் பின்பக்கச் சுவரில் காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு உள்ளே வந்தேன். என் வீட்டுக்காரருக்கு நெத்திலி உயிர். போன திதியிலிருந்து சோற்றின் மேல் இரண்டு நெத்திலியும் வைக்கிறேன்.

காக்கை வருவதற்கு முன்னால் காது கிழிந்த ஒரு செம்பட்டைக் கடுவன் பூனை சுவரில் ஏறியது. நெத்திலியைத் தின்றுவிட்டு, சன்னல் கண்ணாடி வழியாக உள்ளே முறைத்துக்கொண்டு உட்கார்ந்தது. எங்கள் பூனைக்கு வால் புசுபுசுவென்று வீங்கியது. நேரே அரிசி மூட்டைக்குப் போய்க் குந்தியது.

"அத்தை, இந்த ரவுடி எத்தனை நாளா வருது?"

எனக்கு எப்படித் தெரியும்? சோற்றை வைத்தால் நான் திரும்பிப் பார்ப்பதில்லை. பூனைக்கு எமன் என் கையாலேயே வந்திருக்கிறான். ஆனால் அவருக்கு வைக்கிற சோற்றை எப்படி நிறுத்துவது?

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "நிறுத்த வேணாம் அத்தை. மாமாவுக்கு முன்வாசல் தெரியாதா என்ன?"

மகனை விட்டு முன்பக்கம் உயரமாக ஒரு கம்பம் நடச் செய்தாள். பூனை ஏறாதபடி அதில் தகரம் சுற்றி, உச்சியில் சோற்றுக்கு ஒரு தட்டு அடிக்கச் சொன்னாள். பின்சுவரைக் கழுவி, சன்னலின் கீழ்ப்பாதியை உரச் சாக்கால் மூடினாள். இரண்டு நாள் காக்கை வரவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் வந்தது.

தினமும் வேலைக்குப் போகுமுன் அவள் பேசினைக் கிளறி, ஈரக் கட்டி எத்தனை, எவ்வளவு பெரிது என்று பார்ப்பாள். முதலில் கடலை மாதிரி, பிறகு எலுமிச்சை மாதிரி. ஒரு நாள் விடிந்ததும் பூனை தானாகப் பேசினில் ஏறி, முக்காமல், நிதானமாக வெகுநேரம் இருந்தது. அது மண்ணை மூடிவிட்டுப் போனதும் எட்டிப் பார்த்தேன். ஆரஞ்சுப் பழம் அளவு.

"ஏ பிள்ள, ஓடி வா! வந்து பாரு!" என்று கத்தினேன். நான் அப்படிக் கத்தி லயம் கேட்டதே இல்லை.

அவள் பல் தேய்த்துக்கொண்டிருந்த நுரை வாயோடு ஓடி வந்து என் தோளைக் கட்டிக்கொண்டாள். பின்னாலேயே மகன். "காலங்காத்தால பூனை மூத்திரத்துக்கு இவ்ளோ கூட்டமா?" என்றவன், தானும் குனிந்து பார்த்தான்.