அமிர்தம் எடுத்த பூ

நன்னிலத்துக்குக் கிழக்கே, வடிவாய்க்கால் கரையில் நின்ற இலுப்பை மரம் புயலில் வேரோடு சாய்ந்தது. விழுந்த இடம்தான் வம்பு. வாய்க்காலுக்குக் குறுக்கே கதவு சாத்தியதுபோல் படுத்துக்கொண்டது. வெள்ளம் அடித்து வந்த வெங்காயத்தாமரை கிளைகளில் சிக்கி இடுக்கையெல்லாம் அடைத்துவிட, மழைத்தண்ணீர் வடிய வழியில்லாமல் வயலுக்குள் திரும்பியது. மேட்டு வயல்காரர்கள் கொஞ்சம் பொறுக்கலாம். பள்ளத்தில் இருந்தது அமிர்தத்தின் வயல். நட்டு ஒரு மாதம்கூட ஆகாத சம்பாப் பயிர், நுனி மட்டும் வெளியே தெரிய மூழ்கிக் கிடந்தது.

அமிர்தத்துக்கு ஐம்பது வயது இருக்கும். பாவாடை கட்டிய வயதிலிருந்து ஊரார் வயலில் நாற்று நட்டவர். சொந்தமாகச் சாகுபடி செய்வது இதுதான் முதல் முறை. தண்ணீர் நிற்கும் என்று யாரும் சீண்டாத நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, தன்னோடு நடவுக்குப் போகும் பெண்களையே கூப்பிட்டு நட்டார். "இன்னிக்கு முதலாளியம்மா டீ வாங்கித் தரணும்" என்று அவர்கள் கேலி செய்ய, வடையும் சேர்த்து வாங்கித் தந்தார். கணவர் கோவிந்தராசுக்குத் திருப்பூரில் வாட்ச்மேன் வேலை. சாயங்காலம் போன் செய்தால் முதல் கேள்வியே பயிரைப் பற்றித்தான்.

மரம் அறுக்கும் மெஷினோடு வைரக்கண்ணு பைக்கில் வந்தார். சாலையில் விழுந்த மரங்களை அறுத்து அறுத்துக் கண்கள் சிவந்திருந்தன. இலுப்பையைச் சுற்றி வந்தவர், அடிமரத்தில் கட்டியிருந்த சிவப்புத் துணியைப் பார்த்ததும் மெஷினைக் கீழே வைத்துவிட்டார்.

"அக்கா, இது வீரனார் மரமில்ல?"

"வீரனாரு கோயில்லதான் இருக்காரு. மரம் வாய்க்கால்ல கிடக்கு."

"அது சரி. எனக்கும் புள்ளகுட்டி இருக்குல்ல?"

கூட்டம் கூடியது. அறுக்கலாம் என்றார் ஒருவர். வீரனார் மரத்தில் இரும்பு படக்கூடாது என்றார் இன்னொருவர். பேச்சு நீண்டுகொண்டே போனது. தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. பொறுக்க முடியாமல் அமிர்தம்தான் சொன்னார்: "எதுக்கு வெட்டிப் பேச்சு? பூக்கட்டிப் பாத்துடுவோம்."

எல்லோருக்கும் நிம்மதி. வீரனார் கோயில் பூசாரி நடராசன், வெள்ளைப் பூவை ஓர் இலையிலும் சிவப்பு அரளியை இன்னோர் இலையிலும் மடித்து நூல் சுற்றி, சாமி காலடியில் போட்டார். வெள்ளை வந்தால் அறுக்கலாம். சிவப்பு வந்தால் கூடாது. வழக்கமாகச் சின்னப் பிள்ளைதான் எடுக்கும். மழையில் பிள்ளைகள் யாரும் வரவில்லை.

"நீயே எடு, அமிர்தம். உன் வயலுதானே" என்றார் நடராசன்.

எடுத்தார். பிரித்தார். சிவப்பு.

"அண்ணே, இன்னொரு தடவ கேளுங்கண்ணே."

"திரும்பத் திரும்பக் கேக்க அவருக்கென்ன காது மந்தமா? அடுத்த வெள்ளிக்கிழமை கேப்போம்."

அன்று சனிக்கிழமை.

எல்லோரும் கரைக்குத் திரும்பினார்கள். வைரக்கண்ணு மெஷினைப் பைக்கில் கட்டினார். கிளம்புமுன் தாழ்ந்த குரலில் சொன்னார்: "அக்கா, எனக்குப் பயந்தான். ஆனாலும் கொப்ப மட்டும் கழிக்கிறேன்னு சொல்லிக்கிட்டே பாதி மரத்த அறுத்துத் தள்ளியிருப்பேன். ஒருத்தன் வாயத் தொறந்திருக்க மாட்டான். நீ சாமியக் கேட்டுப்புட்டியே."

அமிர்தம் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாய்க்காலில் இறங்கினார்.

"இரும்புதானே ஆகாது? கை படலாமில்லண்ணே?"

"கை படலாம்" என்றார் நடராசன், வேறு பக்கம் பார்த்தபடி.

வெங்காயத்தாமரையை வாரி வாரிக் கரையில் போட்டார். சின்னக் கிளைகளைக் கையால் முறித்தார். நடவுக்குப் போகும் பெண்கள் இரண்டு பேர் வந்து உதவினார்கள். சுண்டுவிரல் தடிமனில் தண்ணீர் வழி பிடித்தது. ராத்திரி பெய்த மழை அதையும் அடைத்தது. மறுநாளும் இறங்கினார். அதற்கடுத்த நாளும். பயிரின் நுனியும் மறைந்த பிறகு உதவிக்கு யாரும் வரவில்லை. அவர்கள் வீட்டுக் கூரையும் விழுந்து கிடந்தது.

வெள்ளிக்கிழமை வெள்ளைப் பூ வந்தது. வைரக்கண்ணு வந்து கற்பூரம் காட்டிவிட்டு அறுத்தார். ஒரு டீ குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. அடிமரம் நகர்ந்ததும் தண்ணீர் இரைச்சலோடு ஓடியது. கரையில் நின்றவர்கள் கை தட்டினார்கள்.

சாயங்காலம் வயல் தெரிந்தது. பயிர் சேற்றோடு சேறாகப் படிந்து அழுகிக் கிடந்தது. அமிர்தம் குனிந்து ஒரு குத்துப் பயிரைப் பிடித்து நிமிர்த்திப் பார்த்தார். கொழகொழவென்று கையோடு வந்தது. பக்கத்துக் குத்தைத் தொட்டார். அதுவும் வந்தது. அதற்குமேல் தொடவில்லை.

போன் அடித்தது.

"தண்ணி வடிஞ்சிடுச்சா?" என்றார் கோவிந்தராசு.

"வடிஞ்சிடுச்சி."

"அப்பாடா" என்றவர், அந்தப் பக்கம் யாரிடமோ சந்தோஷமாகச் சொன்னார்: "தண்ணி வடிஞ்சிடுச்சாம்பா!"

அமிர்தம் போனைக் காதிலேயே வைத்திருந்தார்.