பாவுக்குப் போட்ட போஸ்டர் பசை

நேற்று தொலைக்காட்சியில் ஒரு விவாதம். கோட்டு போட்ட பையன் ஒருவன், பொருளாதார நெருக்கடி வந்தால் மக்கள் இடது பக்கம் சாய்வார்களா, வலது பக்கம் சாய்வார்களா, நடுவிலேயே நிற்பார்களா என்று படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அத்த, டிவிகூட சண்ட போடாதீங்க, பிபி ஏறிக்கும்" என்று சமையலறையிலிருந்து மருமகள் குரல் கொடுத்தாள். அவள் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கஞ்சி வாசனை கூடத்துக்கு வந்ததும் பையன் பேசியது காதில் விழவில்லை. காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவுக்கே போய்விட்டேன்.

உங்களுக்குப் பாவு தெரியுமோ என்னவோ. தறியில் நீளவாட்டில் ஏற்றுகிற பட்டு நூல்தான் பாவு. விடிந்ததும் அதைத் தெருவில் நீட்டிக் கட்டி, அரிசிக் கஞ்சி தெளித்து நீவிவிட வேண்டும். கஞ்சி குடித்தால்தான் நூல் விறைப்பாக நின்று அறுபடாமல் நெய்ய வரும். பாவு நீட்டியிருந்தால் யார் வீட்டுப் பாவு என்று யாரும் கேட்பதில்லை. தெருவே வந்து கை கொடுக்கும். ஆக, எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு பாவு என்று ஒரு வாய் கூடுதல். அதற்குத்தான் முதல் பந்தி.

அறுபதுகளின் நடுவில் அரிசி காணாமல் போனது. விலை ஏறியது என்று சொல்வதெல்லாம் மரியாதைக்கு. ரேஷனில் கோதுமையும் மக்காச்சோளமும் போட்டார்கள். ஓர் ஊர் அரிசியை இன்னோர் ஊருக்குக் கொண்டுபோகக் கூடாதென்று வழியெல்லாம் சோதனைச் சாவடி வைத்தார்கள். நைனா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) ஆளுங்கட்சி, கதர்ச் சட்டை. "கொஞ்சம் பொறுத்துக்கமா, நாடே கஷ்டத்துல இருக்குது" என்பார். அம்மா அவர் தட்டில் கோதுமைக் களியை இன்னொரு உருண்டை கூட வைப்பாள்.

அந்தச் சமயத்தில்தான், நூல் கொடுத்துப் புடவையாக வாங்கிக்கொள்கிற முதலாளி புதுப் பாவு கொடுத்தார். கல்யாணப் புடவை, அவசரம். சொதப்பினால் இனிமேல் வேலை கிடையாது என்று சொல்லித்தான் கொடுத்தார். வீட்டில் ஒரு மணி அரிசி இல்லை. அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு வாலாஜாபாத் போனாள். ரைஸ் மில்லுக்குப் பின்பக்கம் திருட்டுத்தனமாகக் கிடைக்கும். அம்மா அரிசியைத் துணியில் முடிந்து புடவைக்குள் வயிற்றோடு கட்டிக்கொண்டாள். எனக்குப் பதினாறு வயது, ஒல்லிப்பிச்சான். வயிற்றில் கட்டினால் ஊர் வேறு மாதிரி பேசும் என்று, தாவணிக்குள் இடுப்பைச் சுற்றிக் கொஞ்சமாகக் கட்டிவிட்டாள்.

திரும்பும்போது சாவடியில் பஸ்ஸை நிறுத்தினார்கள். தடியோடு ஒருவன் ஏறினான்.

"எத்தினியாவது மாசம்?"

"ஏழுங்க" என்றாள் அம்மா.

தடியை அவள் வயிற்றில் குத்தினான். நிஜமாகவே பிள்ளை இருந்திருந்தால்? துணி கிழிந்து அரிசி சீட்டுக்கடியில் கொட்டியது. "கடத்தல்காரி" என்றான். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் ஜன்னல் வழியாக ரோட்டைப் பார்த்தார்கள். கொட்டியதை அம்மாவையே பெருக்கி அள்ளித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு போனான்.

என் இடுப்பைப் பார்க்க அவனுக்குத் தோன்றவில்லை. அதில் இருந்த ஓர் ஆழாக்கு வீடு வந்து சேர்ந்தது. நைனா அதைப் பார்த்துவிட்டு, "பாவுக்குப் போதும்" என்றார். களி ஒத்துக்கொள்ளாமல் வயிறு கெட்டு, என் கடைசித் தங்கை மூலையில் சுருண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"பாவு அழாதுங்க. இது அழுவுது பாருங்க" என்று அம்மா அரிசியை உலையில் போட்டாள். குழையக் காய்ச்சி எல்லாக் குழந்தைகளுக்கும் ஊற்றினாள். பாவுக்கென்று வடிக்க அதில் ஒன்றும் மிஞ்சவில்லை.

எதிர்வீட்டு கோவிந்தன் எதிர்க்கட்சி. சுவரெல்லாம் போஸ்டர் ஒட்டுகிறவர். மறுநாள் காலை மைதாப் பசை வாளியோடு வந்தார். "செவுத்துல ஒட்டுது, நூல்ல ஒட்டாதா? தண்ணி ஊத்திக்கினா போச்சு" என்றார். பிறந்ததிலிருந்து பாவோடு கிடந்த நைனாவுக்கா அது ஒத்துவராது என்று தெரியாது? தெரியும். வேறு வழியில்லை, கரைத்துத் தெளித்தார். தெருவே கை கொடுத்தது. "ஆளுங்கட்சிப் பாவு எங்க பசைய குடிக்குதுபா!" என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள், நைனாவும்தான்.

வெயில் ஏறியது. பாவு பாயாக ஒட்டிக்கொண்டது. கட்சி பார்க்காமல் தெருவே உட்கார்ந்து இழை பிரித்தது. பிரிக்கப் பிரிக்க அறுந்தது. சாயங்காலம் முதலாளி வந்தார். தோளில் கதர்த் துண்டு. "நம்ம கட்சிக்காரனாச்சேன்னு குடுத்தேன்யா" என்று மட்டும் சொன்னார். அன்றோடு வேலை வேறு வீட்டுக்குப் போனது. நைனா கூலித் தறிக்குப் போனார்.

அப்புறம் தேர்தல் வந்தது. உழைக்கிறவனுக்கே எல்லாம் என்கிற சிவப்புக்காரரும், வியாபாரியை அவன் இஷ்டத்துக்கு விடு என்கிற பணக்காரரும் ஒரே மேடையில் அரிசிக்காக அழுதார்கள். நைனாவே கதரைக் கழற்றி வைத்துவிட்டு எதிர்க்கட்சிக்கு ஓட்டுப் போட்டார். ஆட்சி மாறியது. வெற்றி ஊர்வலத்தில் முதல் ஆளாக யார் வந்தது? எங்கள் முதலாளி! தோளில் புதுக் கட்சித் துண்டு. பாவி, எத்தனை துண்டு வாங்கி வைத்திருந்தானோ. சாணி உருண்டை ஒன்றை எடுத்து வீசினேன். என் குறி எப்போதுமே மோசம். கோவிந்தன் மேல் விழுந்தது.

எழுபதுகளில் பட்டு நூலுக்குத் தட்டுப்பாடு, மண்ணெண்ணெய்க்கு க்யூ. நைனா சிவப்புக் கொடி பிடித்தார். "எங்க தாத்தாவும் நெசவாளிதான்பா" என்று முதலாளி கூட்டத்துக்கு வந்து சோடா வாங்கித் தந்தார். பிறகு வாய் திறந்தால் பிடித்துப் போகிற காலம் வந்தது. நெசவாளர் சங்கத்து ஆட்களைப் பிடித்துப் போனார்கள். "பஸ்ஸெல்லாம் கரெக்ட் டைமுக்கு வருது பாத்தியா" என்று அதே முதலாளி கடையில் புதிதாகப் பிரதமர் படம் மாட்டினார்.

"கொடி மாறிக்கினே இருக்குது. நம்ம வேலையக் குடுக்கறதும் புடுங்கறதும் இந்த ஆளுதான்" என்றார் நைனா. அதற்கப்புறம் எந்தக் கூட்டத்துக்கும் போகவில்லை. அம்மா மட்டும் ஓட்டுப் போடாமல் இருந்ததே இல்லை. யாருக்கு என்று கேட்டால், "குத்துனவனுக்கு இல்ல" என்பாள். கோட்டுக்காரப் பையனே, உன் படத்தில் இதை எந்தப் பக்கம் போடுவாய்?

கடைசிவரை வாலாஜாபாத் ரோட்டில் பஸ் வேகம் குறைந்தால் அம்மாவின் கை வயிற்றுக்குப் போகும். இப்போது அம்மா இல்லை, நைனா இல்லை, அந்த முதலாளியும் இல்லை. ரேஷனில் அரிசி சும்மாவே போடுகிறார்கள். சாவடி இருந்த இடத்தில் செல்போன் கடை. போன மாதம் அந்தப் பக்கம் போனேன். கடை வாசலில் பஸ் மெல்ல ஊர்ந்தது. பக்கத்து சீட்டுப் பெண், "இன்னா ஆயா, வயித்த புடிச்சிக்கினு கீற, வலிக்குதா?" என்றாள்.

குனிந்து பார்த்தேன். கை அங்கேதான் இருந்தது. "ஆமாமா" என்றேன்.