அழித்துப் பேசிய கேசட்

"மக நிக்காஹுக்கும் மொதலாளி லீவு தர மாட்டேங்கான்" என்றார் துபாயிலிருக்கும் என் கணவர். வாட்ஸப்பில் குரல் பதிவாக அவரைத் திட்டித் தீர்த்தேன். அனுப்பாமல் அழிக்க விரல் போனபோது, பழைய டேப்ரெக்கார்டர் பட்டனின் ‘டொக்’ சத்தம் காதில் கேட்டது.

காயல்பட்டினத்து வீட்டில் உம்மா, சவூதியிலிருந்த வாப்பாவுக்குக் கேசட்டில்தான் பேசி அனுப்புவாள். "மூணு பெருநாள் போச்சு. பிள்ளைக்கு உங்க மொகமே மறந்துபோச்சு" என்று கத்துவாள். உடனே நாடாவைப் பின்னால் சுற்றி, அதன் மேலேயே, "நாங்க நல்லா இருக்கோம், ஒடம்பப் பாத்துக்கிடுங்க" என்று பேசுவாள். பக்குவமான பொம்பளை என்று தெருவே மெச்சியது. அழித்ததையெல்லாம் கேட்டவள் நான் ஒருத்திதான். வாப்பா கடைசிவரை கேட்கவே இல்லை.

எனக்கு ஐம்பது வயதாகிறது. அந்தப் பக்குவம் எனக்கு வேண்டாம். அனுப்பிவிட்டேன்.

நீல டிக் விழுந்தது. கேட்கட்டும்.