ஸ்டோர் நிறுத்திய ஆப்

நான் இருந்தேன். என் மனைவியின் தம்பி இருந்தான். பூன் லேயில் வேலை, லீவு என்று வந்திருந்தான். போன் ரிப்பேர் கடைக்காரம்மா இருந்தார். சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர். தேக்காவில், ஞாயிறு மத்தியானம். வேறு யாரும் இல்லை.

என் மனைவி இறந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. அவள் ஊரிலிருந்து என்னோடு பேசியதெல்லாம் போனில் ஒரு ஆப்பில் இருந்தது. போன் பேசினால் தானாகப் பதிந்துகொள்ளும். வேலை முடிந்து லாரியில் கிராஞ்சி விடுதிக்குத் திரும்பும்போது கேட்பேன். அரிசி தீர்ந்துவிட்டது, பக்கத்து வீட்டு ஆடு செடியைத் தின்றுவிட்டது. அவ்வளவுதான் பேச்சு.

அன்று காலை அது திறக்கவில்லை. ஆபத்தான ஆப், நிறுத்தப்பட்டது என்று வந்தது.

"ஆப் ஸ்டோர்லேர்ந்துதானே இறக்கினேன்?" என்று கடைக்காரம்மாவிடம் கேட்டேன்.

"உள்ள விடும்போதும் சோதிப்பாங்க அண்ணே, விட்ட பிறகும் சோதிப்பாங்க. இது முதல்ல ஒழுங்காத்தான் இருந்துச்சு. நடுவுல வந்த அப்டேட்ல திருட்டுப் புத்தி வந்துடுச்சு. உங்க போன்ல உள்ள நம்பர், போட்டோ, பேச்சு எல்லாத்தையும் எங்கேயோ அனுப்பிக்கிட்டிருக்கு. கண்டுபிடிச்சு ஸ்டோர்லேர்ந்து தூக்கிட்டாங்க. உங்க போன்லயும் நிறுத்திட்டாங்க."

அப்போதுதான் விளங்கியது. ஊரில் என் மகளுக்குக் கொஞ்ச நாளாக எவனோ போன் செய்கிறான். பேர் சொல்கிறான், பள்ளிக்கூடம் சொல்கிறான்.

"பேச்சை மட்டும் எடுக்க முடியாதா?"

"ஆப் செஞ்சவன் பூட்டி வச்சிருக்கான். நெட் இல்லாம திறக்காது லா. நெட் குடுத்தா மறுபடி எல்லாம் போகும்."

மச்சினன் சொன்னான்: "ஒரே தடவை திறப்போம் மாமா. உங்ககிட்ட பேசும்போது அக்கா என்னை எருமைன்னு திட்டுமே, அது ஒண்ணு கேட்டாப் போதும்."

"புள்ள அங்க பயந்து கிடக்குடா."

"அஞ்சு நிமிஷம்."

"அஞ்சு நிமிஷத்துல எவ்வளவு போகும்னு இவங்களைக் கேளு."

"எல்லாமே போயிடும்" என்றார் கடைக்காரம்மா.

அவன் போனை எடுத்து என்னிடம் நீட்டினான்.

ஸ்டோர்க்காரர்கள் செய்தது சரிதான். அதில் எனக்குக் குறை இல்லை. அப்படியே விட்டுவைத்தால் என்றைக்காவது நானே திறந்துவிடுவேன்.

போனைக் கையில் வாங்கி, நீக்கு என்பதை அழுத்தினேன். இத்தனை பதிவும் சேர்ந்து அழியும், சரியா என்று கேட்டது. கடைக்காரம்மா அந்தப் பக்கம் திரும்பி நின்றார். சரி என்று அழுத்தினேன்.

இருநூற்றுப் பதினான்கு பதிவு.